நடுவில் ஒரு வரப்பு: சின்ன வெங்காயத் திடல்களில் கற்றவை

புதிய சாகுபடி முறையை விவசாயிகளுக்கு வயலிலேயே காட்ட முதல் வருஷம் நாங்கள் போட்ட செயல்விளக்கத் திடல் நன்றாகவே விளைந்தது. ஆனால் அடுத்த பட்டத்தில் (சாகுபடிப் பருவத்தில்) அந்த ஊரில் ஒருவர்கூட அதன்படி வெங்காயம் ஊன்றவில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கு மூன்று பட்டம் ஆனது. இதே வேலையில் இருக்கும் வேறு யாருக்காவது அந்த மூன்று பட்டம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில், செட்டிகுளம், பாடாலூர், இரூர், நாட்டார்மங்கலம் சுற்றியுள்ள ஊர்களில் சின்ன வெங்காயம்தான் கைப்பணம் தரும் பயிர். மக்காச்சோளமும் பருத்தியும் உண்டு. ஆனால் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவதும், வைத்த நகையை மீட்பதும் வெங்காயத்தை நம்பித்தான். சித்திரை, வைகாசியில் ஒரு பட்டம். புரட்டாசி, ஐப்பசியில் இன்னொன்று. பெரும்பாலும் ஓர் ஏக்கர், ஒன்றரை ஏக்கர்காரர்கள். பங்காளிகளோடு முறை வைத்து இறைக்கும் கிணறு. ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் வயல் பணியாளராக நான் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

அந்த முதல் திடலுக்குத் தார்ச்சாலை ஓரமாக, சொந்த ஆழ்துளைக் கிணறு உள்ள ஒரு முன்னோடி விவசாயியின் நிலத்தைத் தேர்ந்தெடுத்தோம். வருகிறவர்கள் பார்க்க வசதி என்று காரணம் சொன்னோம். மேட்டுப்பாத்தி, சொட்டுநீர், விதை நேர்த்தி, உயிர் உரம், மஞ்சள் ஒட்டுப்பொறி, நீரில் கரையும் உரம் என எல்லா இடுபொருளும் இலவசம். பெயர்ப்பலகை வைத்து வயல்விழாவும் நடத்தினோம். வந்தவர்கள் காயைக் கையில் எடுத்துப் பார்த்து மனதாரப் பாராட்டினார்கள். அடுத்த வைகாசியில் போய்ப் பார்த்தால் பழையபடியே பார் (மண் அணைத்த வரிசை) பிடித்து, பழையபடியே ஊன்றியிருந்தார்கள். ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

“அது உங்க காசுல விளைஞ்ச வெங்காயம் தம்பி. எங்க காசுல விளையுமான்னு எங்களுக்குத் தெரியலையே” என்றார்.

அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. நாங்கள் ஒரே நேரத்தில் ஏழெட்டு விஷயத்தை மாற்றியிருந்தோம். அதில் எது பலன் தந்தது, எது வெறும் செலவு என்று எங்களுக்கே தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க அதே நிலத்தில் அவர் வழக்கப்படி போட்ட பயிரும் இல்லை. பக்கத்து நிலத்தோடு ஒப்பிட்டோம். பக்கத்து நிலம் வேறு மண், வேறு கிணறு, ஊன்றிய நாளும் வேறு.

செயல்விளக்கம் என்ற முறையின் பழைய கதையை அதற்கப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். 1903-இல் அமெரிக்காவின் டெக்சாஸில், டெரல் என்ற ஊரில், சீமன் நாப் என்பவர் போர்ட்டர் பண்ணையில் முதல் திடலைப் போட்டார். அங்கே இலவசமாக எதையும் கொடுக்கவில்லை. நிலமும் உழைப்பும் செலவும் விவசாயியுடையது. நஷ்டம் வந்தால் ஈடுகட்ட மட்டும் ஊர் வணிகர்கள் சேர்ந்து பணம் ஒதுக்கி வைத்தார்கள். நம் பக்கம் 1974-இல் இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் மையம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ், புதுச்சேரியில் தொடங்கியபோதும் விவசாயி தன் கையால் செய்து கற்க வேண்டும் என்பதே நோக்கம். நாங்கள் செய்ததோ விவசாயியைப் பார்வையாளராக உட்கார வைத்த காரியம்.

இரண்டாம் வருஷம் மாற்றினோம். இந்தத் தடவை சாலையோர நிலம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒன்றேகால் ஏக்கர் வைத்திருந்த ஓர் அக்கா முன்வந்தார். வீட்டுக்காரர் லாரி ஓட்டப் போய்விடுவார். விவசாயம் முழுக்க அக்காவும் மாமியாரும்தான். தண்ணீர் முறை மூன்று நாளுக்கு ஒரு தடவை. அவர் நிலத்தில் அரை ஏக்கரை எடுத்து நடுவில் ஒரு வரப்பு போட்டோம். இரண்டு பக்கமும் ஒரே விதைக்காய் (விதையாக ஊன்றும் வெங்காயம்), ஒரே நாள் ஊன்றல், ஒரே மடைத் தண்ணீர். ஒரு பக்கம் அக்கா எப்போதும் செய்வதுபோல. மறுபக்கம் இரண்டே இரண்டு மாற்றம். செலவு அவருடையது. திடல் பக்கம் விளைச்சல் குறைந்தால் குறைந்த அளவுக்கு நாங்கள் ஈடு தருவதாக எழுதிக் கொடுத்தோம். அந்த ஈட்டுப் பணம் கேட்டு எங்கள் அலுவலகத்தில் ஒப்புதல் வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இலவச மூட்டைகளுக்கு உடனே கையெழுத்து கிடைக்கும், இதற்குக் கிடைக்காது. ஆனாலும் விடாமல் கேட்டு வாங்குங்கள்.

எந்த இரண்டு மாற்றம் என்பதையும் நாங்கள் முடிவு செய்யவில்லை. பட்டம் தொடங்கும் முன் ஒரு சாயங்காலம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, “போன வருஷம் காசு எங்கே போச்சு?” என்று மட்டும் கேட்டோம். விதைக்காய் விலை, அழுகல், தாள் (வெங்காய இலை) கருகல், காயைச் சேமிக்கும் பட்டறையில் போகும் சேதம் என்று நான்கு பதில் திரும்பத் திரும்ப வந்தது. விளைச்சல் போதவில்லை என்று ஒருவரும் முதலில் சொல்லவில்லை. நாங்களோ அதுவரை விளைச்சலைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம்.

முதலில் விதைக்காய். ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ வேண்டும். கிலோ 60 ரூபாய் விற்கிற சமயத்தில் 36,000 ரூபாயை மண்ணில் ஊன்றுகிறோம் என்று கணக்கு. இவ்வளவு விலை கொடுத்ததைக் கழிக்க யாருக்கும் மனசு வராது. மென்மையான காய், அடியில் பூஞ்சணம் பிடித்த காய், எடையில்லாமல் சொத்தையான காய் எல்லாம் சேர்த்தே ஊன்றிவிடுவார்கள். அதில்தான் அடியழுகல் வயலுக்குள் வருகிறது. அக்காவும் மாமியாரும் இன்னும் மூன்று பெண்களும் அரை நாள் உட்கார்ந்து நடுத்தர அளவுள்ள கெட்டியான காயை மட்டும் பொறுக்கினார்கள். கழித்ததைத் தனியே எடை போட்டு வைத்தோம். அதிலிருந்து ஒரு கூடையை ஓர் ஓரப் பாத்தியில் தனியாக ஊன்றினோம். இருபது நாளில் அந்தப் பாத்தி செடி அழுகி இடைவெளி விழுந்து கிடந்ததைப் பார்த்த பிறகு, விதை பொறுக்குவதைப் பற்றி நான் யாரிடமும் பேச வேண்டியிருக்கவில்லை. கெட்டதைத் தனியாக ஊன்றிக் காட்டுவது ஒரு கூடைக் காய்ச் செலவுதான். எந்தத் திடலிலும் இதை விடாதீர்கள்.

பொறுக்கிய காய்க்குக் கிலோவுக்கு 5 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி, 5 கிராம் சூடோமோனாஸ் என்று, நோயை அடக்கும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களால் விதை நேர்த்தி. கூடவே ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் தெளித்து, நிழலில் ஈரச்சாக்கு போட்டு மூடிவைத்து, அப்புறம் வயலில் தூவினோம். இங்கே ஒரு தவறு நடந்தது. வேறொரு ஊரில், பக்கத்துக் கடையில் சொன்னார்கள் என்று ஒரு அண்ணன் காயைக் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் முக்கி எடுத்து, அதன் மேலேயே டிரைக்கோடெர்மாவையும் தடவிவிட்டார். டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான், பூஞ்சைக்கொல்லி அதையும் கொன்றுவிடும். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ‘இரண்டும் நல்லது, சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லது’ என்று நினைப்பது இயல்புதானே. இப்போதெல்லாம் பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போதே, இதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது மாற்றம் மருந்தடிப்பில். வெங்காயத் தாள் உருளையாக, மேலே மெழுகு பூசியதுபோல் இருக்கும். தெளிக்கிற மருந்தில் பெரும்பகுதி உருண்டு மண்ணில் விழுந்துவிடும். ஒட்டும் திரவம் கலக்க வேண்டும் என்று எத்தனையோ கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன், யாரும் பொருட்படுத்தியதில்லை. ஒரு நாள் அக்கா வீட்டில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை இரண்டு சொம்புத் தண்ணீரில் கலந்தேன். ஒன்றில் மட்டும் ஒட்டும் திரவம் சில துளி. இரண்டிலும் ஆளுக்கொரு தாளை முக்கி எடுக்கச் சொன்னேன். ஒரு தாளில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்தது. இன்னொன்றில் நுனியிலிருந்து அடி வரை நீலம் படர்ந்து நின்றது. அங்கே நின்ற ஒருவர், “இத்தனை வருஷமா மண்ணுக்குல்ல மருந்தடிச்சிருக்கோம்” என்றார். அன்று சாயங்காலமே இரண்டு பேர் பாடாலூர் கடையில் ஒட்டும் திரவம் கேட்டார்களாம்.

தாளைச் சுரண்டிச் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான இலைப்பேனைப் பார்க்கக் கற்றுக்கொண்டதும் அந்தப் பட்டத்தில்தான். தாளில் வெள்ளிக் கோடு விழுந்த பிறகு அடிப்பதுதான் வழக்கம். பேன் இருப்பதோ நடுக்குருத்தின் இடுக்கில். வயலில் குறுக்காக நடந்து பத்துச் செடியில் குருத்தை விரித்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் கடைக்குப் போக வேண்டும். பேன் சுரண்டிய காயம் வழியாகத்தான் தாள் கருகலும் எளிதாக உள்ளே போகிறது. கார்த்திகை, மார்கழிப் பனியிலும் மூடாப்பிலும் கருகல் பரவும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொடர்பைச் சொன்னவுடன் பிடிபட்டது. தேவையில்லாமல் அடித்த ஓரிரு தெளிப்பு குறைந்தாலே கூலியும் மருந்துமாக மிச்சம்.

அந்த இரண்டு மாற்றம் போக, வரப்போரம் இரண்டு வரிசை மக்காச்சோளம் போட்டால் காற்றோடு வரும் பேனைத் தடுக்கும் என்பதும் எங்கள் பட்டியலில் இருந்தது. வெங்காயம் ஊன்றிய அதே நாளில் சோளத்தையும் போட்டோம். பேன் வரும் நேரத்தில் சோளம் முழங்கால் உயரம்கூட இல்லை, பாதியை ஆடு வேறு மேய்ந்துவிட்டது. ஊன்றுவதற்கு ஒரு மாதம் முன்பே சோளம் போட்டிருக்க வேண்டும். வயல்விழாவில் அந்தச் சோள வரிசையைக் காட்டாமல் கடந்துவிடலாமா என்று எங்களுக்குள் ஒரு பேச்சு வந்தது. அக்காவே கூட்டத்தை அங்கே கூட்டிப்போய், “இது சரியா வரல, நாள் தப்பிப் போட்டுட்டோம்” என்று சொன்னார். அதன் பிறகு அன்று கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாமே வேறு தரத்தில் இருந்தன. தோற்ற இடத்தைக் காட்டினால் திடலின் மீது உள்ள நம்பிக்கை போய்விடும் என்று பயந்த எனக்கு, எதிரானதைக் கண்ணால் பார்க்கக் கிடைத்தது.

அறுவடையில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. திடல் பக்கம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். எடை போடும்போது தராசைப் பிடித்தது பக்கத்து நிலத்துக்காரர். எழுதியது அக்காவின் எட்டாம் வகுப்பு மகள். நாங்கள் தள்ளி நின்றோம். எடையை எங்கள் நோட்டில் எழுதினால் அது எங்கள் கணக்கு. அவர்கள் வீட்டு நோட்டில் எழுதினால் அடுத்த வருஷமும் எடுத்துப் பார்ப்பார்கள்.

பெரும்பாலான திடல்கள் இந்த இடத்தில் முடிந்துவிடும். அறிக்கை எழுதி, படம் ஒட்டி, அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவோம். வெங்காயத்தைப் பொறுத்தவரை கதையின் பாதி பட்டறையில்தான் நடக்கிறது. கல் பரப்பி, அதன் மேல் பருத்தி மாரோ (காய்ந்த செடித் தண்டு) மூங்கிலோ அடுக்கி, காயைக் கொட்டி, மேலே கீற்றோ ஓலையோ போட்டு மூடி, விலை வரும் வரை காத்திருப்பார்கள். அடுத்த பட்டத்து விதையும் அதற்குள்தான் இருக்கிறது.

மூன்றாவது பட்டத்தில் மாற்றியது யூரியாவை. அடியுரம் போக, 30-ஆம் நாள் ஒரு மேலுரம் என்பதே பரிந்துரை. ஆனால் 45 நாள், 50 நாளில் தாள் லேசாக வெளுத்தால் மனசு கேட்காது. ஒரு கைப்பிடி யூரியா விழும், தாள் கரும்பச்சையாக நிமிரும், பார்க்கிறவர் பாராட்டுவார். அந்தக் காய் கழுத்து தடித்து, நீர் கோத்து, பட்டறையில் சீக்கிரம் அழுகும். இதைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது, ஏனென்றால் கண்ணுக்கு முன் தெரிவது பச்சைதான். அதனால் வரப்புக்கு ஒரு பக்கம் கடைசி யூரியா உண்டு, மறுபக்கம் இல்லை. மறுபக்கத்தில் அறுவடைக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரையும் நிறுத்தி, தாள் சாய்ந்த பிறகு பிடுங்கி, நிழலில் நன்றாக ஆறவிட்டுத் தாள் அறுத்தோம்.

பட்டறையை நடுவில் தட்டி வைத்துத் தடுத்து, இரு பக்கமும் பத்துப் பத்து மூட்டை அளவு கொட்டினோம். இரண்டு மாதம் கழித்துப் பிரித்து, அழுகியதையும் முளைத்ததையும் கழித்து எடை போட்டதில் நல்ல காயில் ஒன்றரை மூட்டை வித்தியாசம் வந்தது. ஒரு வயல், ஒரு பட்டத்துக் கணக்கு இது. இதை வைத்து ஊருக்கே சட்டம் போட முடியாது. ஆனால் அன்று பட்டறை வாசலில் கழித்த காயின் நாற்றத்தில் நின்றுகொண்டிருந்த பதினைந்து பேரில் யாரும் யூரியாவைப் பற்றி விளக்கம் கேட்கவில்லை. கடைசித் தண்ணீரை எந்த நாளில் நிறுத்தினீர்கள், எத்தனை நாள் ஆறவிட்டீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் வருஷப் பலகையில் ‘ஏக்கருக்கு நிகர லாபம்’ என்று ஒரு தொகையை எழுதியிருந்தோம். அதை இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. திருச்சி காந்தி மார்க்கெட்டில் என்ன விலை போகும் என்று எங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. 2023 டிசம்பரில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது, 2024 மே மாதம்தான் எடுத்தது. நல்ல விவசாயம் செய்தவர், செய்யாதவர் என்று பார்த்தா விலை விழுகிறது? அதன் பிறகு பலகையில் கிலோவையும் செலவையும் மட்டும் எழுதுகிறோம். விலையை அவரவர் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் திடல்களில் ஒன்று சுத்தமாகத் தோற்றது. விதைக்காய்ச் செலவைக் குறைக்க, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ (ஆன்) 5 ரகத்தை முயன்றோம். இது விதை பிடிக்கும் சின்ன வெங்காயம். ஏக்கருக்கு ஒரு கிலோ விதை போதும், நாற்று விட்டு 40, 45 நாளில் நடலாம். 600 கிலோ எங்கே, ஒரு கிலோ எங்கே! எல்லோரும் ஆர்வமாக இருந்தார்கள். நாங்கள் வாங்கிக் கொடுத்த விதை பழையது. வெங்காய விதை ஒரு வருஷத்துக்குள் முளைப்புத் திறனை இழந்துவிடும். பாத்தியில் பாதி முளைக்கவில்லை. நூறு விதையை ஈரத்துணியில் மடித்து ஒரு வாரம் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தக் குடும்பத்துக்கு அந்தப் பட்டமே போனது. ஈட்டுப் பணம் கொடுத்தோம், ஆனால் போன பட்டத்துக்குப் பணம் ஈடாகாது. மறு வருஷம் நல்ல விதையோடு இன்னொருவர் செய்து நன்றாகவே வந்தது. இருந்தாலும் நாற்றுக்கு ஒரு மாதத்துக்கு மேல் தினமும் பூவாளியால் தண்ணீர் தெளிக்க வீட்டில் ஆள் இருப்பவர்களுக்கும், மெல்லிய நாற்றை நடப் பழகிய பெண்கள் கிடைக்கிற ஊருக்கும்தான் இது சரிப்படும் என்பது என் எண்ணம். செலவு குறைவு என்பதற்காக எல்லோருக்கும் சொல்ல மாட்டேன்.

பெண்களைப் பற்றி முன்பே எழுதியிருக்க வேண்டும். விதை பொறுக்குவது, ஊன்றுவது, களை எடுப்பது, தாள் அறுப்பது, பட்டறையில் கழிப்பது எல்லாம் பெண்கள் கை. எங்கள் கூட்டங்களோ காலை பத்து மணிக்கு, டீக்கடைப் பக்கத்தில். அந்த நேரத்தில் பெண்கள் வயலில் இருப்பார்கள், வருவது ஆண்கள் மட்டும். அக்காதான் சொன்னார், “களை வெட்டுற அன்னிக்கு வயலுக்கு வாங்க, நாங்க எல்லாம் அங்கதானே இருப்போம்.” அப்புறம் கூட்டம் என்று தனியாக வைப்பதையே குறைத்துவிட்டோம். களை எடுக்கும் நாளில் பாரோடு பாராக நடந்துகொண்டே பேசினோம். அழுகல் வயலில் எந்த மூலையில் தொடங்குகிறது என்று, குனிந்து களை எடுக்கிறவருக்குத் தெரிகிற அளவு வேறு யாருக்கும் தெரியாது.

திருகல் நோய் மட்டும் இன்னும் எங்கள் கைக்கு அடங்கவில்லை. போன புரட்டாசியில் தொடர்ந்து மழை பிடித்தது. தண்ணீர் நின்ற பாரில் தாள் சுருண்டு முறுக்கி, கழுத்து நீண்டு, அக்கா வயலிலும் வந்தது. வரப்புக்கு இரண்டு பக்கமும் வந்தது. விதை நேர்த்தி செய்த பக்கம் கொஞ்சம் தாமதமாக வந்தது என்று எனக்குத் தோன்றியது. அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வயலிலிருந்து ஒரு காயைக்கூட விதைக்கு வைக்காமல் எல்லாவற்றையும் விற்றுவிட்டார்.

இந்தப் புரட்டாசிக்கு வெளியூர் விதைக்காய் வாங்கி வைத்திருக்கிறார். ஒரு பக்கம் வழக்கமான பார். மறுபக்கம் நான்கடி அகல மேட்டுப்பாத்தி, மழைத்தண்ணீர் வடிய இரு ஓரமும் வாய்க்கால். முதல் வருஷம் நாங்கள் இலவசமாகப் போட்டுக் காட்டி யாரும் சீண்டாத அதே மேட்டுப்பாத்திதான், இப்போது அவர் சொந்தக் கூலியில். போன வாரம் போனபோது நடு வரப்பைப் போட்டு முடித்திருந்தார்கள். மண் இன்னும் ஈரமாக இருந்தது.